பாப்பாவுக்கு, இந்த முறை ஐந்து ஆல்பம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். தம்பி விஷயத்தை அவனே உன்னிடம் சொல்வான், நான் எழுதவில்லை. நம் பொதுப் பட்டியலில் நீ ஆல்பம் சேர்த்து ரொம்ப நாளாகிவிட்டது. உன் முறை வந்தும் இடம் காலியாகவே கிடக்கிறது. அதனால் இந்த முறையும் நானே ஐந்தைச் சேர்த்துவிட்டேன். மூன்று பழசு, இரண்டு புதுசு.

கேட்பதற்கு முன் செயலியில் சில வேலை இருக்கிறது. ஷஃபிளை அணைத்துவிடு. கிராஸ்ஃபேட் பூஜ்யத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் ஏறி உட்காரும். ஆட்டோப்ளேயையும் நிறுத்து. ஆல்பம் முடிந்ததும் ‘இதைப் போல’ என்று வேறொன்றைத் தொடங்கிவிடும். கேட்டது மனதில் படிய ஒரு நிமிடம்கூட விடாது. கடைசியாக ரிப்பீட் பொத்தான். வட்ட அம்பில் 1 என்று காட்டினால் ஒரே பாட்டு விடிய விடியச் சுற்றும். நம் இருவருக்கும் ஒரே கணக்கு என்பதால் ‘சமீபத்தில் கேட்டவை’ வரிசையில் எனக்கும் அது தெரிகிறது. உளவு பார்க்கவில்லை பாப்பா, திறந்தால் முதலில் நிற்பதே அதுதான். அந்தப் பாட்டு நல்ல பாட்டுதான். அதைப் பற்றி நான் மேலே எதுவும் கேட்கப் போவதில்லை.

ஒலியைக் குறைத்து வை. போன கடிதத்திலும் எழுதினேன், இதிலும் எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. சில போன்களில் ஒலி அமைப்புகளுக்குள் ஹெட்ஃபோனுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கும்; இருந்தால் 80-இல் வைத்துவிடு. பாஸ் போதவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறாய் என்றால் தப்பு பெரும்பாலும் ஒலியில் இல்லை, காதுக்குள் போகும் ரப்பர் முனையில். அளவு சரியில்லாமல் இடைவெளி விழுந்தால் கீழ் ஸ்வரங்கள்தான் முதலில் ஓடிப்போகும். கூடவே தந்திருக்கும் வேறு அளவு முனைகளை மாற்றிப் பார். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. சுருதி மயிரிழை விலகினாலும் முகம் சுளிக்கிற காது உனக்கு. எங்கள் இருவரிடமிருந்தும் வந்ததல்ல அது. அதையா இப்படி வதைப்பது?

இனி ஆல்பங்கள். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முழுதாகக் கேட்டிருப்பாயா என்பது சந்தேகம். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகுக்கும் அவர் செய்த காணிக்கை அது. வயலின் வி.எஸ். நரசிம்மன். முதலில் பாகின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) முதல் பகுதியை மட்டும் தனியாகக் கேள், நாலு நிமிடம் போல வரும். அதன் பிறகு ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ போடு. எது பாக், எது ராஜா என்று அப்போதுதான் பிரியும். இந்த வரிசையை மாற்றினால் பாதி சுகம் போய்விடும்.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) விஷயத்தில் பதிப்பைப் பார்த்துக் கேட்க வேண்டும். மார்ச் 2-ஆம் தேதிப் பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டி இசைத்தட்டு செய்தபோது முதல் பக்கத்து மூன்று பாட்டும் சற்று வேகமாகி, சுருதியும் ஏறிவிட்டது. ஏப்ரல் 22-ஆம் தேதி பதிவான இரண்டாம் பக்கத்தில் அந்தக் கோளாறு இல்லை. 1990களில் வந்த மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். பழைய தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு எவ்வளவு தலைவலி இருந்திருக்கும் என்று யோசி! முதல் பக்கம் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை என்றால் உன் காதைச் சந்தேகிக்காதே, பதிப்பைச் சந்தேகி. பியானோவையும் கவனி. ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி, மற்ற நான்கிலும் பில் எவான்ஸ். கெல்லி தாளத்தைத் தட்டி முன்னே தள்ளுவார். எவான்ஸ் இடம் விட்டு வாசிப்பார்.

மூன்றாவது, பியானோவில் கிளென் கூல்ட் வாசித்த பாகின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்: ஆரியா என்ற ஒரு மெட்டும், அதை மாற்றி மாற்றிச் செய்த முப்பது வேரியேஷனும். இதில் இரண்டு பதிவையும் சேர்த்திருக்கிறேன்: 1955, 1981. இரண்டும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவான அதே நியூயார்க் 30-ஆம் தெரு ஸ்டுடியோவில் எடுத்தவை. முதலாவது 38 நிமிடம் சொச்சம், இரண்டாவது 51. நேரம் இல்லாவிட்டால் தொடக்கத்து ஆரியாவை மட்டும் அடுத்தடுத்துக் கேள். முதலாவதில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டாவதில் மூன்று நிமிடம் தாண்டும். நடுவில் கேட்கும் முனகல் பதிவுக் கோளாறல்ல, அவர் வாசித்துக்கொண்டே பாடுகிறார். மெட்டைத் துரத்தாதே, இடது கையைப் பிடி. முப்பது வேரியேஷனும் தொற்றி நிற்பது ஆரியாவின் கீழ் ஸ்வர வரிசையில்தான். மூன்றின் மடங்கில் வரும் வேரியேஷன்களில் ஒரு குரலை இன்னொரு குரல் அப்படியே பின்தொடரும், 27 வரை. முப்பதாவதில் மட்டும் பாக் அந்த ஒழுங்கை உடைத்துவிட்டு நாட்டுப்பாட்டுக்குப் போய்விடுகிறார்.

நீ 1955 பக்கம் நிற்பாய் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு 1981. பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது, கடிதத்தில் தீராது.

புதுசில் ஒன்று சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ (2023). 46 வருஷம் கழித்து அவர்கள் செய்த ஸ்டுடியோ ஆல்பம், 2024-இல் கிராமி வாங்கியது. இதில் தபலா வாசித்த ஜாகிர் உசேன் அந்த டிசம்பரில் போய்விட்டார். முதல் சக்தியில் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்தார். இதில் அவர் மகன் செல்வகணேஷ். எந்த நேரத்திலும் கேட்கலாம், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றுதான் உனக்காகவே சேர்த்தது. எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ், சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்து செய்த ‘ப்ராமிசஸ்’ (2021). ஒன்பது பகுதி, 46 நிமிடம், நடுவில் எங்கும் அறுக்கக்கூடாது. ஒரு சின்ன ஸ்வரக் கோவை ஏறக்குறைய முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அது வரும் இடமெல்லாம் சுற்றிலும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றையே கேட்கத்தான் வேண்டும் என்றால் இப்படிக் கேள். தொடக்கம் மிகவும் மெல்லியது, உடனே கை ஒலியைக் கூட்டப் போகும். கூட்டாதே. ஆறாம் பகுதியில் வயலின் கூட்டம் மொத்தமாக எழுந்து வரும், அப்போது காது வலிக்கும். அந்த ஆறாம் பகுதியில் காதுக்கு இதமாக இருக்கும் அளவை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு முதலிலிருந்து தொடங்கு. பகலில் கேள். ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டாம்.

தூங்கு பாப்பா. சாப்பிடு. ஒலியைக் குறைத்து வை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஒரே கணக்கில் இருவர் ஒரே சமயத்தில் போட்டால் ஒருவர் பக்கம் நின்றுவிடுகிறது. நடு ராத்திரியில் எனக்கு அப்படித்தான் நிற்கிறது, அதனால்தான் நீ விழித்திருப்பது தெரியும். ஆல்பத்தைப் போனில் இறக்கி வைத்து ஆஃப்லைன் முறையில் போட்டால் அந்தத் தொந்தரவு இல்லை, இருவரும் கேட்கலாம். செய்வதென்றால் செய்துகொள். இல்லை, விழித்திருக்கும்போது ஒரு போன் போடுவதானாலும் சரி. எந்த நேரமானாலும் நான் எடுப்பேன், அம்மா எழ மாட்டாள்.