சிகாகோ மேடையில் பேசிய முஹம்மத் வெப்

குன்னூர்

அன்பு நண்பருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி அறிந்து நானும் வீட்டாரும் பெரிதும் மகிழ்ந்தோம். அல்லாஹ் அக்குழந்தைக்கு நீண்ட ஆயுளையும் நற்குணத்தையும் தருவானாக. இங்கே அனைவரும் நலம். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுபோயிருப்பதால் ஊரில் வெளியூர்க்காரர் நடமாட்டம் குறைந்து, படிக்கவும் எழுதவும் எனக்குப் பொழுது தாராளமாகக் கிடைக்கிறது.

1893ஆம் ஆண்டு சிகாகோ சர்வ சமயப் பேரவையில் இஸ்லாத்துக்காகப் பேசியவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். முஹம்மத் அலெக்சாண்டர் ரஸ்ஸல் வெப் என்ற அமெரிக்கர் அவர். விவேகானந்தர் அங்கே பேசியதை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதே மேடையில் ஏறிய இந்த மனிதரை நம்மவரிலேயே பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

1846இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில், பத்திரிகை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்த வெப், தாமும் பத்திரிகையாளராகி செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றினார். பிரெஸ்பிடேரியன் திருச்சபையில் வளர்ந்தவர் இளவயதிலேயே அதிலிருந்து விலகி, சில காலம் எந்தச் சமயமும் இல்லாதவராக இருந்து, பின்னர் தியாசபி எனப்படும் பிரம்மஞான இயக்கத்திலும் பௌத்தத்திலும் நாட்டம் கொண்டார். 1887இல் அமெரிக்க அரசு அவரை மணிலாவுக்குத் தூதரக அதிகாரியாக அனுப்பியது. அங்கே இருந்துகொண்டுதான் இஸ்லாமிய நூல்களைப் படித்தும், பம்பாய் முஸ்லிம்களோடு கடிதத் தொடர்பு வைத்தும் அவர் இம்மார்க்கத்தை ஏற்றார். திடீர் மன எழுச்சியால் அல்லாமல் பொறுமையான ஆராய்ச்சியின் முடிவாகவே தாம் முஸ்லிம் ஆனதாக அவர் எழுதியிருப்பது, அவர் எழுத்து முழுவதையும் விளங்கிக்கொள்ள உதவும் செய்தி என்று நான் கருதுகிறேன்.

அவருடைய கடிதங்களைப் படித்த ஹாஜி அப்துல்லா அரப் என்னும் வணிகர் மணிலாவுக்கே சென்று அவரைச் சந்தித்து, அமெரிக்காவில் தஃவா (மார்க்க அழைப்பு) பணி செய்யப் பொருளுதவி தருவதாகச் சொன்னார். வெப் 1892இல் அரசுப் பதவியைத் துறந்து இந்தியா வந்து, பம்பாய், ஐதராபாத், சென்னை ஆகிய ஊர்களில் சொற்பொழிவாற்றினார். அந்த ஆண்டின் இறுதியில் விவேகானந்தரும் தமிழகத்தில்தான் இருந்தார் என்பதை நினைக்கையில் எனக்கு வியப்பாக இருக்கிறது. வெப்பின் மூன்று உரைகளைத் தொகுத்த சிறு நூல் அதே ஆண்டில் சென்னை மவுண்ட் ரோடு லாரன்ஸ் அசைலம் அச்சகத்தில் அச்சானது. ஊட்டி அருகே உள்ள நம் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் பழைய பெயரைத் தாங்கிய அச்சகம் அது!

நியூயார்க் திரும்பியதும் 'மோஸ்லெம் வேர்ல்டு' என்ற பத்திரிகையைத் தொடங்கி, 'இஸ்லாம் இன் அமெரிக்கா' என்ற நூலையும் 1893இல் வெளியிட்டார். இந்நூலில் தாம் முஸ்லிம் ஆன காரணம், ஐந்து கடமைகள், பலதார மணமும் பர்தாவும், நபிகள் காலத்துத் தற்காப்புப் போர்கள் எனத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அமெரிக்க வாசகர் மனத்தில் இருக்கும் ஐயத்தை முதலில் எடுத்துவைத்து, பிறகு அதற்கு விடை சொல்லிச் செல்கிறார்; செய்தியாளராக இருந்த பயிற்சி இங்கேதான் தெரிகிறது. தத்துவம் பற்றிய பகுதிகளில் மட்டும் தியாசபியின் சாயல் மிகுதியாகப் படிந்திருக்கிறது. அவற்றோடு என்னால் முழுமையாக உடன்பட இயலவில்லை.

செப்டம்பரில் சிகாகோவில் இரு நாட்கள் பேசினார். பலதார மணத்தைப் பற்றி அவர் வாய் திறந்தபோது அவையினர் 'வெட்கம்' என்று கூச்சலிட்டனர். அந்தக் கேள்வியை அந்த மேடையில் அவர் தொடாமலே விட்டிருக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே கூடியிருந்தோர் மனத்தில் முஸ்லிம் என்றதும் முதலில் எழுந்த கேள்வியே அதுவாக இருக்கும்போது, அதை ஒளித்துவைத்துவிட்டு இனிமையாகப் பேசிக் கைதட்டல் வாங்குவது அவர் இயல்புக்கு ஒவ்வாதது.

பணி நிலைக்கவில்லை. இந்தியாவிலிருந்து வரவேண்டிய பணம் போதிய அளவில் வரவில்லை. ஆதரவாளர்களுக்குள்ளும் பிணக்கு மூண்டது. பத்திரிகையும் அந்த ஆண்டுக்குள்ளேயே நின்றது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தோல்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின் இருபதாண்டுகளுக்கு மேல், பிற்பகுதியில் நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டு ஊரில், தம்மைச் சுற்றி ஜமாஅத் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஏதுமில்லாத நிலையில், 1916 அக்டோபர் 1இல் இறக்கும்வரை அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார். உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவரை நியூயார்க்கில் தம் கௌரவத் தூதராக நியமித்தது அந்த ஆண்டுகளில்தான். கூட்டமும் பணமும் கலைந்த பிறகும் ஒருவர் தாம் ஏற்ற கொள்கையில் உறுதியாக நின்ற அந்தக் காலத்தையே அவர் வாழ்வின் மிக முக்கியமான பகுதியாக நான் மதிக்கிறேன்.

அந்த மூன்று உரைகளையும் தமிழில் தர விரும்புகிறேன். அடுத்த முறை எழும்பூர்ப் பக்கம் போகும்போது, கன்னிமாரா நூலகத்தில் 1892ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால், பாதை சீரானதும் நானே புறப்பட்டு வந்து உங்களோடு சில நாட்கள் தங்கிப் படி எடுத்துக்கொள்கிறேன். வீட்டாருக்கு என் ஸலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்