கலிலியோவும் பாம்பன் கடலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கலிலியோவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1609-இல் தொலைநோக்கியைத் தன் கையாலேயே செய்து வானத்தைப் பார்த்தது, 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் 4 நிலாக்களைக் கண்டது, 1633-இல் ரோமில் விசாரணை, அப்புறம் 1642-இல் சாகும்வரை காவல், எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கடலைப் பற்றி அவர் சொன்னதை ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பாம்பன்காரியான எனக்கு அவர் கதையில் அதுதான் ருசியான இடம்.

பூமி சுற்றுகிறது என்று அவருக்கு உறுதி, ஆனால் கையில் அசைக்க முடியாத சான்று இல்லை. கடல் ஏறி வற்றுவதே அந்தச் சான்று என்று நம்பினார். வெனிஸ் நகருக்கு அந்தக் காலத்தில் படகில்தான் நல்ல தண்ணீர் வரும்; படகு சட்டென்று வேகம் குறைந்தால் தண்ணீர் முன்பக்கம் ஏறி அடிக்கும். நம் பக்கம் தண்ணீர் லாரி பிரேக் போட்டால் மூடி வழியாக ரோட்டில் ஊற்றுகிறதே, அதேதான். பூமி தானும் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதால் கடலும் இப்படித்தான் அலம்புகிறது என்றார். 1632-இல் வந்த அவருடைய பெரிய நூலில் நான்காம் நாள் உரையாடல் முழுக்க இந்தப் பேச்சுதான்.

நிலாதான் தண்ணீரை இழுக்கிறது என்று கெப்ளர் என்ற ஜெர்மன் வானியல் அறிஞர் 1609-இலேயே எழுதிவிட்டார். இவ்வளவு அறிவுள்ள மனுஷன் போய் இதை நம்புகிறாரே என்று கலிலியோ அதே நூலில் ஆச்சரியப்படுகிறார். தொடாமலே தூரத்திலிருந்து இழுப்பது என்பது அவருக்கு ஜோசியக்காரன் பேச்சு மாதிரி பட்டிருக்க வேண்டும்.

என் அப்பா நாட்டுப்படகில் போனவர், ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கலிலியோ கணக்குப்படி நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் ஏற வேண்டும், அதுவும் தினமும் ஒரே நேரத்தில். இங்கே இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது, நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது, நிலா உதிப்பது தள்ளிப்போகிற மாதிரியே. "ரெண்டு நாழிகை பிந்தும்" என்பார் அப்பா, கையில் கடிகாரம் இல்லாமலே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். (கடலின் நீளமும் ஆழமும்தான் இரண்டு முறை ஏறக் காரணம் என்று கலிலியோ ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை.) 1687-இல் நியூட்டன் வந்துதான் நிலா, சூரியன் இரண்டின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கை நேர் செய்தார்.

இதை உங்களுக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. பாம்பனில் கடல் உள்வாங்கி நாலு படகு தரைதட்டி நின்றால் போதும், 'மக்கள் பீதி' என்று செய்தி வந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் என் மகள் பதறிப்போய் போன் செய்கிறாள். அந்த மாதிரி நாளில் நானும் கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். தண்ணி ஏறட்டும் என்று கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பீதியில் யாரும் இல்லை. அடுத்த முறை அந்தச் செய்தி போடும்போது அன்றைக்கு என்ன திதி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பாம்பன்