பொருள்: ‘வாலன்டரி’ என்ற ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததால் என் மகனின் போதைச் சிகிச்சைக்கு எங்களுக்கு வராமல் நிற்கும் 39,500 ராண்ட்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
9 ஜூன் 2025

க்ளெய்ம் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் உங்கள் கம்பெனி பந்தல் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஒரு நோட்டீசும் கொடுத்தது. “உங்கள் மொழியிலேயே எங்களிடம் பேசலாம்” என்று அதில் தமிழில் அச்சடித்திருந்தது. இங்கிலீஷில் ஐந்து மெயில் அனுப்பிவிட்டேன். ஐந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். ஆகவே ஆறாவதை இப்படி எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லையென்றால் என் மகள் எழுதிய இங்கிலீஷ் நகல் பின்னால் இருக்கிறது.

நான் 1997இல் கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். 16 வருஷமாக உங்கள் மெடிக்கல் எய்டில், அதாவது சந்தா கட்டி மருத்துவச் செலவு பெறும் திட்டத்தில், இருக்கிறோம், ஒரு மாதம்கூடச் சந்தா தவறியதில்லை. மகனுக்கு வயது 23, அவனுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

அவன் மூன்று வருஷமாக ஷுகர்ஸ் பிடித்தவன். சாட்ஸ்வொர்த்தில் இதைச் சொன்னால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறதோ தெரியாது, அதனால் சொல்கிறேன்: மட்ட ரக ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்பது. எங்கள் வீட்டில் முதலில் போனது நகையோ டிவியோ இல்லை, கொல்லைப்புறக் குழாயின் பித்தளைத் திருகு. அடுத்தது கீசருக்குப் போகிற செம்புக் குழாய். ஒருநாள் காலையில் அரிசி களையலாம் என்று போனால் கூரையிலிருந்து தண்ணீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. பழைய இரும்புக்கடையில் அதற்கு என்ன கொடுத்திருப்பார்கள்? பிளம்பருக்கு நாங்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா?

மார்ச் 3 ராத்திரி அவனே என் அறைக்கு வந்தான். டர்பன் மார்ச் மாதப் புழுக்கத்தில் இரண்டு கம்பளியைப் போர்த்தியிருந்தான். முழங்காலை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு தரையில் படுத்தான். பல் கிட்டித்துப் போயிருந்தது. சரக்கு கிடைக்காதபோது உடம்பு படும் இந்த வேதனையை இங்கே பையன்கள் ‘அரோஸ்டா’ என்பார்கள். “அம்மா, விடியறதுக்குள்ள என்னை எங்கேயாவது சேர்த்துடு, விடிஞ்சா நான் போய்டுவேன்” என்றான். மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து இது வந்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான் போட்டேன். மார்ச் 4 செவ்வாய், காலை 7.40. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுக் கேட்டபின் ஒரு தம்பி எடுத்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். உங்களோடு ஒப்பந்தமுள்ள போதைச் சிகிச்சை நிலையங்கள், அதாவது நீங்கள் டி.எஸ்.பி. என்று சொல்பவை, இரண்டு இருப்பதாகச் சொன்னார். டர்பனில் ஒன்று, அதில் படுக்கை ஏப்ரல் 14க்குத்தான் கிடைக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒன்று, அங்கேயும் காத்திருப்போர் பட்டியல். ஆறு வாரம் வரைக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். “வீட்டிலேயே கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்” என்றார். ஷுகர்ஸ் பிடிக்கிற பிள்ளையை ஆறு வாரம் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? பூட்டி வைக்கவா? இந்தச் சரக்கைச் சில நாள் நிறுத்திவிட்டு, உடம்பு பழக்கம் விட்டபின் பழைய அளவையே எடுக்கிறவர்கள்தான் மூச்சு நின்று போகிறார்கள். அந்தத் தம்பிக்கு இது தெரியாதிருக்கலாம். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பிறகு நாங்களே தேடினோம். கூகுளில் முதலில் வருவது நிலையமே இல்லை, தரகர். ஒரு எண்ணைக் கூப்பிட்டால் பையன் என்ன எடுக்கிறான் என்று கேட்கவில்லை, எந்த மெடிக்கல் எய்ட், எந்தப் பிளான் என்றுதான் கேட்டார்கள். அவர்கள் அனுப்பிய முகவரிக்கு வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். சாதாரண வீடு, 12 பங்க் கட்டில், உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டு. டாக்டர் எப்போது வருவார் என்றதற்கு ஜெபமும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் போதும் என்றார்களாம். போதைச் சிகிச்சை பற்றிய 2008ஆம் வருஷத்துச் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்த சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அது “ஆபீசில் இருக்கிறது”. எந்த ஆபீசோ! அரசு இடத்துக்கும் கேட்டோம், அங்கே உங்களுடையதைவிட நீளமான வரிசை.

மூன்று நாள் அலைந்து மார்ச் 7 வெள்ளிக்கிழமை ஒரு நிலையத்தில் சேர்த்தோம். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது, நர்ஸ் இரவிலும் இருந்தார், டாக்டர் அன்றைக்கே வந்து மருந்து எழுதினார். சேர்க்கும்போதே 25,000 ராண்ட் முன்பணம் கேட்டார்கள். என் கொழுந்தனார் கார் மாற்றுவதற்கென்று வைத்திருந்த பணம் அது. இன்னும் அவர் பழைய காரில்தான் போகிறார்.

அவர்கள் திட்டம் 28 நாள், நாளைக்கு 2,200 ராண்ட். சட்டம் உங்கள் தலையில் வைப்பது வருஷத்துக்கு மூன்று வாரம், அதாவது 21 நாள் என்று எனக்குத் தெரியும். மீதி 7 நாளுக்கான 15,400 எங்கள் பாடு, அதை நான் கேட்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாவது மெயில் நான் 28 நாளுக்கும் கேட்பதாக எழுதியிருந்தது.

21 நாளுக்கு 46,200 ராண்ட். நீங்கள் ஒத்துக்கொண்டது 14 நாள், அதுவும் நாளுக்கு 1,150 வீதம், மொத்தம் 16,100. அதிலும் 9,400ஐ உங்களிடம் இருக்கும் எங்கள் மெடிக்கல் எய்ட் சேமிப்புக் கணக்கிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள்! என் பணத்தை எனக்கே கொடுத்துவிட்டு ‘செலுத்தப்பட்டது’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். எந்தத் திட்டமும் கட்டியே ஆகவேண்டிய கட்டாயப் பயன்களில், நீங்கள் பி.எம்.பி. என்பதில், வருகிற சிகிச்சைக்குச் சேமிப்புக் கணக்கைத் தொடக்கூடாது என்று மருத்துவத் திட்டச் சட்டத்தின் விதி 10இலேயே இருக்கிறது. பில்லில் நோய்க் குறியீடு எஃப் 11.2, அதாவது ஹெராயின் வகைச் சரக்குக்கு அடிமையானது, என்று டாக்டர் எழுதியிருக்கிறார். போதைப்பொருள் சார்புக்கான மூன்று வாரம் அந்தப் பட்டியலில் இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது, இதுவரை சொல்லவும் இல்லை.

நீங்கள் சொல்லும் காரணம் வேறு. டி.எஸ்.பி. அல்லாத இடத்துக்கு ‘வாலன்டரி’யாகப் போனோமாம். முதலில் எனக்குப் புரியவே இல்லை. படுக்கை இல்லை என்று சொன்னதே நீங்கள், பிறகு நாங்கள் எப்படி விரும்பிப் போனவர்களானோம்? போன மாதம் முழு ஃபைலைக் கேட்டு வாங்கி மகள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நிலையத்தின் சேர்க்கைப் படிவத்தில் ‘வாலன்டரி’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அந்த டிக்கைச் சுற்றி உங்கள் ஆள் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்.

அந்தக் கட்டத்துக்கு அர்த்தமே வேறு. போதைச் சிகிச்சைக்குத் தானாகச் சம்மதித்து வருகிறவர் ஒரு வகை, மாஜிஸ்திரேட் உத்தரவில் கொண்டுவரப்படுகிறவர் இன்னொரு வகை. 2008ஆம் வருஷத்து 70ஆம் எண் சட்டம் இப்படிப் பிரிக்கிறது. என் மகன் தானாக வந்தான், அதற்குத்தான் அந்த டிக். மருத்துவத் திட்டச் சட்டத்தின் விதி 8இல் வரும் ‘வாலன்டரி’யோ, ஒப்பந்த நிலையம் கைக்கெட்டும்படி இருந்தும் வேறிடம் போனதைச் சொல்வது. அங்கே சேவை கிடைக்கவில்லை என்றாலோ, நியாயமில்லாத தாமதம் ஆகுமென்றாலோ, வீட்டுக்குப் பக்கத்தில் அப்படியொரு நிலையமே இல்லை என்றாலோ, அது விருப்பத்தோடு போனது ஆகாது, முழுப் பில்லையும் கட்டவேண்டும் என்று அதே விதி சொல்கிறது. போலீசோடு இழுத்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தால் பணம் வந்திருக்குமோ என்னவோ.

எனக்கு வேண்டியவை: 9,400 எங்கள் சேமிப்புக் கணக்குக்குத் திரும்பவேண்டும். மீதி 30,100 எங்களுக்கு வரவேண்டும், நிலையத்துக்கு நாங்கள் முழுதும் கட்டியாகிவிட்டது. மார்ச் 4 போன் பேச்சின் பதிவும் வேண்டும். ‘தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது’ என்று நீங்களே சொன்ன அந்தப் பதிவு. மறுப்பதாக இருந்தால், எந்த விதி, எந்த உட்பிரிவு என்று எழுதி, அதைப் படித்து முடிவெடுத்தவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஜூன் 30க்குள் பதில் வராவிட்டால் இதே தாள்கள் உங்களைப் போன்ற திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டக் கவுன்சிலுக்குப் போகும். அவர்கள் விளக்கம் கேட்டால் உங்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. படுக்கைக்கு நீங்கள் எனக்குச் சொன்னதைவிட அது குறைவு.

தயவுசெய்து போனில் கூப்பிடவேண்டாம். பகலில் போனை மகன்தான் எடுக்கிறான், இந்தப் பணக்கணக்கு அவன் காதில் விழவேண்டாம் என்று பார்க்கிறேன். எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சந்தாதாரர் (உறுப்பினர் எண் உறையின் மேல்)

இணைப்பு: நிலையத்தின் பில், டாக்டர் கடிதம், பதிவுச் சான்றிதழ் நகல், சிவப்பு வட்டம் போட்ட அந்தப் பக்கம், காவடியன்று தந்த நோட்டீஸ்.