தோற்ற ஓட்டு எங்கே போகிறது? சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேர்தல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் கையில் உள்ள மக்கள் பிரதிநிதிகளுக்கு, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வணக்கம்.

தேர்தல் முடிவு வருகிற நாளில் யார் ஜெயித்தார் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் பல வருடமாக வேறொரு பழக்கம். தோற்றவருக்குப் போட்ட ஓட்டு என்ன ஆனது என்று தேடுவேன். அதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது உங்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பிரிட்டனின் 2024 தேர்தலில் தொழிற்கட்சி வாங்கியது 34 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கிடைத்தது 650இல் 411 இடங்கள். ரிஃபார்ம் யுகே கட்சிக்கு 14 சதவீதம் விழுந்தும் 5 இடங்கள்தான். லிபரல் டெமாக்ரட்டுகள் அதைவிடக் குறைவாக 12 சதவீதம் வாங்கி 72 இடங்களைப் பிடித்தார்கள். ரிஃபார்ம் கட்சியின் கொள்கைகள் எனக்கு உவப்பில்லை. ஆனாலும் 40 லட்சம் பேருக்கு 5 இடங்கள் என்பது மனதை உறுத்துகிறது. எண்ணிக்கையில் தவறு இல்லை, தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார் என்ற விதியே அப்படி.

இதே விதி இலங்கையில் என்ன செய்தது என்று பாருங்கள். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீத வாக்குகளுக்கு 168இல் 140 இடங்களைப் பெற்றது. ஏறத்தாழ 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்கள். 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால், 18 இடங்களோடு பிரதான எதிர்க்கட்சி ஆனது. அந்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையை வைத்துத்தான் 1978இல் புது அரசியலமைப்பு எழுதப்பட்டது. வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப இடங்கள் தருகிற விகிதாசார முறை அதில் வந்தது, உண்மை. ஆனால் அதன்படி ஒரு நாடாளுமன்றத் தேர்தல் நடக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில், 1982இல், ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்து அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டார்கள். வென்றவர் கையில் விதியும் பேனாவும் சேர்ந்து இருந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, விகிதாசாரம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. துருக்கியில் 2002இல் 10 சதவீத வெட்டுப்புள்ளி இருந்தது, அதற்குக் குறைவாக வாங்கும் கட்சிக்கு இடமே கிடையாது. அதைத் தாண்டியது இரண்டே கட்சிகள். 34 சதவீதம் வாங்கிய கட்சிக்கு 550இல் 363 இடங்கள். ஏறக்குறைய 45 சதவீத வாக்குகளுக்கு நாடாளுமன்றத்தில் குரலே இல்லாமல் போனது. முறையின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, உள்ளே இருக்கிற எண்ணைப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்து. ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் சீட்டில் 1, 2, 3 என்று எண் போடுவார். எண்ணும் கூடத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் சாய்ந்து நின்று, மேசையில் பிரிகிற ஒவ்வொரு சீட்டையும் பார்த்துக் கையில் இருக்கும் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் இருக்கும் வேட்பாளர் விலக்கப்பட்டதும் அவருடைய சீட்டுக் கட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவதில்லை. கட்டு பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சீட்டிலும் 2 யாருக்கு என்று பார்த்து, அவருடைய கட்டில் சேர்க்கிறார்கள். அவரும் ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தால் 3 யாருக்கு என்று பார்க்கிறார்கள். இது நாள்கணக்கில் நீளும், இருக்கட்டும். தோற்றவருக்குப் போட்ட ஒரு சீட்டை இன்னொரு மனிதர் கையில் எடுத்து, இவர் அடுத்து யாரை விரும்பினார் என்று பார்க்கிறாரே, அந்த மரியாதைக்காக நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

அந்த முறையை ஒழிக்க ஆளுங்கட்சி 1959லும் 1968லும் பொதுவாக்கெடுப்பு வைத்தது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். 1959இல் அன்றைய பிரதமர் டி வலேராவைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அதே நாளில், அவர் கட்சி கொண்டுவந்த மாற்றத்தை நிராகரித்தார்கள். தலைவரைப் பிடித்திருந்தது, அதற்காக விதியை மாற்ற விடவில்லை.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் குறைந்த வாக்கு வாங்கிய கட்சியே ஆட்சி அமைத்தது. அப்புறம் தேர்தல் முறையை ஆராய அமைத்த ஆணையத்தில் பதவியில் இருந்த எம்.பி. ஒருவர்கூட இல்லை. அது 1986இல் ஜெர்மனி பாணிக் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது, அதாவது தொகுதிக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு, கட்சி ஓட்டுக்கு ஏற்ப மொத்த இடங்கள். 1993 பொதுவாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் சம்மதித்தார்கள், 1996 தேர்தலே புது முறையில் நடந்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதைவிடத் துணிச்சலான காரியம் செய்தார்கள். சாதாரண வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 2004இல் ஒரு மக்கள் அவையாக உட்கார வைத்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் படித்து, விவாதித்து, அயர்லாந்தின் முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 வாக்கெடுப்பில் ஆதரவு 57.7 சதவீதம். ஆனாலும் நிறைவேறவில்லை, அரசு 60 சதவீதம் வேண்டும் என்று முன்பே நிபந்தனை போட்டிருந்தது. அந்த அரசு 2001இல் வாங்கிய வாக்கு 57.6 சதவீதம். அதற்குக் கிடைத்தது 79இல் 77 இடங்கள். 2009இல் மறுபடி கேட்டபோது ஆதரவு 39 சதவீதமாகச் சரிந்துவிட்டது, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் 2005இல் அந்த மக்கள் சொன்ன பதிலுக்கு நடந்தது அநியாயம்.

எனவே என் கோரிக்கை இதுதான். எந்த முறை சிறந்தது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இப்போதைய முறையால் வென்று வந்தவர்கள் நீங்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் நாற்காலிதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். பதவியில் இல்லாதவர்களிடமோ குலுக்கலில் வந்தவர்களிடமோ வேலையைக் கொடுங்கள். அவர்களுக்குப் படிக்க நேரம் கொடுங்கள். அப்புறம் மக்களிடம் கேளுங்கள். உங்களை ஆட்சியில் உட்கார வைக்கப் போதுமான வாக்கு, உங்கள் விதியை மாற்றவும் போதும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தோற்ற வேட்பாளருக்குப் பலமுறை ஓட்டுப் போட்ட ஒரு வாக்காளர்