நைல் நதிக்கு ஆள் கூட்டிப் போகும் கொங்குச் சுற்றுலா நிறுவனத்தாருக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஊர்களிலிருந்து எகிப்துப் பயணம் நடத்தும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கமுங்க.

மழைக்காலம் முடியும் முன்பே உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பிரமிடு, ஒட்டகம், ஐந்து நட்சத்திரக் கப்பல், பால்கனி வைத்த அறை, கூடவே வரும் நம்ம ஊர்ச் சமையல்காரர். பனியன் கம்பெனிக்காரர்கள், தறி வைத்திருப்பவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் பணம் கட்டி அனுப்பும் பெற்றோர்கள் என்று நம் சீமையிலிருந்து வருசா வருசம் ஆட்கள் கிளம்புகிறார்கள். நானும் அப்படிப் போய் வந்தவன். காங்கயம் பக்கம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சாப்பாடு, தங்கும் இடம், விமானம் எதிலும் எனக்குக் குறையில்லை. வயதான அம்மாக்களுக்கு வெளிநாட்டில் ரசம் சாதம் கிடைப்பது பெரிய காரியம். அதைச் செய்கிறீர்கள், நன்றி.

நான் கேட்க வந்தது வேறு. நீங்கள் எங்களைக் கூட்டிப் போகும் அந்த ஆற்றுக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் இரண்டாயிரம் வருடப் பழக்கம் இருக்கிறது. உங்கள் பயணத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அதைச் சேருங்கள்.

எஸ்னாவில் நடந்ததைச் சொல்கிறேன். லக்சோரிலிருந்து அஸ்வானுக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் எஸ்னா மதகில் தண்ணீர் மட்டம் ஏற்றி இறக்குவதற்காக வரிசையில் நிற்கும். அப்போது சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து சூழ்ந்துகொண்டு, மேசை விரிப்பையும் நீள அங்கியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மேல்தளத்துக்கு விட்டெறிவார்கள். எங்கள் குழுவிலிருந்த திருப்பூர்க்காரர் ஒருவர் ஒரு பையைப் பிரித்தார். விலை கேட்கவில்லை. அங்கியை உள்பக்கம் திருப்பித் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். துணியை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். “பருத்தி கொஞ்சந்தானுங்க, பாலியஸ்டர் கலந்திருக்குது” என்று சொல்லி மடித்து வைத்தார்.

அந்த இடத்தில் அவரிடம் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்: இந்த நாட்டின் செங்கடல் கரையில் பெரனிகே, பழைய குசைர் என்று இரண்டு துறைமுகங்கள் மண்ணுக்குள் கிடந்தன; அவற்றைத் தோண்டியபோது இந்தியப் பருத்தியில் நெய்த பாய்மரத் துணியின் துண்டுகள் கிடைத்தன என்று. ரோமானியர் ஆண்ட காலத்தில் இந்தியப் பருத்தி இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்தக் கப்பலில் இல்லை. எங்களோடு வந்த மேலாளருக்கு இது தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது நான் சொன்னேன். கையைக் கழுவப் போன திருப்பூர்க்காரர் அப்படியே உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். ஆள்களுக்கு ஆர்வம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்று நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், உங்கள் பயணக் கையேட்டுக்கு உதவும்.

பழைய குசைரில் தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கண்ணன், சாதன் என்று ஆள் பெயர்கள். இன்னொரு ஓட்டில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கவிடும் பானை) என்று இருக்கிறது. பெரனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் இந்தியத் தாழி ஒன்று புதைந்திருந்தது. அதற்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அந்தத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து நைல் கரைக்கு வந்தது. பெரனிகேயிலிருந்து 12 நாள் வழி, வெயிலுக்காகப் பெரும்பாலும் இரவில்தான் நடை என்று ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். வந்து சேரும் ஊர் கொப்தோஸ். அங்கே படகில் ஏற்றி நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கு. வியன்னாவில் இருக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்று இந்த வழியை ஒப்பந்தமாகவே சொல்கிறது. நம் மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த சரக்குக்கான கடன் பத்திரம் அது. பின்பக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு போட்டிருக்கிறது. வந்த சரக்கில் அரசாங்கத்துக்குக் கால் பங்கு வரி.

அந்தக் கொப்தோஸ் இப்போதும் ஊராக இருக்கிறது, கிஃப்த் என்ற பெயரில். லக்சோருக்கு வடக்கே 40 கிலோமீட்டர் வாக்கில். உங்கள் கப்பல் லக்சோரிலிருந்து தெற்கே திரும்பிவிடுவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் தெந்தேராவில் உள்ள ஹாதோர் கோயிலுக்கு விருப்பச் சுற்றுலா என்று தனிக் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அனுப்புகிறீர்களே, கிழக்குக் கரைச் சாலையில் போனால் கிஃப்த்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அரைமணி நேரம் வண்டியை நிறுத்தினால் போதும். பெரிய தூண்கள், சிலைகள் எல்லாம் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். முசிறிச் சரக்கு ஆற்றில் இறங்கிய இடத்தில் முசிறிக்குச் சரக்கு அனுப்பிய நாட்டு மக்கள் நின்று பார்க்கட்டும். எனக்கு அது லக்சோரின் கர்னாக் கோயிலில் உள்ள 134 தூண்களுக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

சரக்கு அனுப்பிய நாடு என்று சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. சேரர் துறைமுகமான முசிறிக்கும் சேரர் தலைநகரான கரூருக்கும் நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். அந்தக் கணவாயின் கிழக்கு வாசல் நாம். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1980-களிலிருந்து பல தடவை அகழாய்வு நடந்துவிட்டது. இரும்பு உருக்கிய உலைகள், எழுத்து கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், கல் மணிப் பட்டறை எல்லாம் வெளியே வந்தன. பச்சைக் கல் (பெரில்), நீலக் கல், பளிங்கு, சூதுபவளம் என்று உடைத்த கல், பாதி தேய்த்த கல், துளை போட்டு முடித்த மணி மூன்றுமே ஒரே இடத்தில் கிடைத்தன. ஒரு மணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் துளையைப் பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்திருப்பது தெரியும். ஒரு மயிரிழை தப்பினாலும் கல் பிளந்துபோகும். பச்சைக் கல் வெட்டிய படியூர் காங்கயத்துக்குப் பக்கத்தில், நம் வீட்டு விசேசத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கூட வெள்ளைக்காரர் சுரங்கம் வைத்துக் கல் எடுத்தார்கள். இந்தக் கல் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அபூர்வம் என்று சொல்பவரும் அதே பிளினிதான்.

கல் போனதற்குக் காசு வந்தது. 1842-இல் கோயமுத்தூர் வெள்ளலூரில் ஒரு மண்பானையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, பெரும்பாலும் ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் இன்றும் ரோமானியச் செப்புக் காசு பொறுக்குகிறவர்கள் உண்டு.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாங்கள் அங்கே நேரத்தைச் செலவழித்தது எங்கே? பாப்பிரஸ் கடையில், அத்தர் கடையில், வெண்கல் ஜாடி செய்யும் கடையில். எட்ஃபூவில் ஹோரஸ் கோயில், 180 வருடம் பிடித்துக் கட்டியது, எகிப்திலேயே கட்டடம் குலையாமல் நிற்கும் கோயில்களில் முன்னால் நிற்பது. அதன் வெளிச்சுவர் முழுக்கச் செதுக்கிய கதையைப் படிக்க ஒரு காலைப்பொழுது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது, குதிரை வண்டியில் போய் இறங்கி, படம் எடுத்து, திரும்பி ஏறுகிற நேரம். அந்த நிறுவனத்தின் பெயர் எதற்கு, இந்த வழக்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. கடைக்காரர் தரும் கமிஷனை நம்பிப் பயண விலையைக் குறைத்துக் காட்டுகிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொகுசுப் பயணம் என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் வாங்கும்போது அது வேண்டாமுங்க. விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், கடைகளை எடுத்துவிடுங்கள். நம் ஆட்கள் கொடுப்பார்கள்.

பழைய எகிப்து மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் அரசர் பள்ளத்தாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். எந்த மூன்று என்பதை வழிகாட்டி அன்றைய கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறார், பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவை. 2026-இல் சென்னையில் நடந்த தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டில் ஐரோப்பிய ஆய்வாளர் இருவர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அந்தக் கல்லறைச் சுவர்களில் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. சிகை கொற்றன் என்று ஒருவர், ஒன்றல்ல, பல கல்லறைகளில் தன் பெயரை எழுதி, வந்து கண்டதையும் எழுதியிருக்கிறார். வியாபாரத்துக்குப் போன இடத்தில் அவரும் சுற்றிப் பார்த்திருக்கிறார். இனிமேல் தமிழ் ஆட்களை அங்கே கூட்டிப் போய், அந்த எழுத்து இருக்கும் கல்லறைகளில் திறந்திருப்பது எது என்று முன்கூட்டியே விசாரிக்காமல், ஏதோ மூன்றைக் காட்டி அனுப்புவது நியாயமே இல்லை. எகிப்தில் உரிமம் பெற்ற அந்த நாட்டு வழிகாட்டிதான் விளக்கம் சொல்லலாம் என்பது சட்டம், தெரியும். ஆனால் எங்கே நிற்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு எழுதி அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. கூட வரும் உங்கள் மேலாளருக்குத் தொல்லியல் படித்த ஒருவரை வைத்து இரண்டு நாள் வகுப்பு எடுங்கள். நம் பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழுவுக்கு ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் குழு சேர்க்கிறீர்கள், அதை நிறுத்துங்கள். மே மாதத்து லக்சோரில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் மரநிழல் கிடையாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை அங்கே நடக்க விடக் கூடாது.

முக்கியமான கோரிக்கைக்கு வருகிறேன். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் எல்லோரையும் வேனில் ஏற்றுங்கள். காலையில் கொடுமணல். கல்வட்டங்களையும் பலகைக் கல் நிறுத்திய ஈமக்குழிகளையும் காட்டுங்கள். அங்கே ஒரே குழியில் இரண்டாயிரத்துக்கு மேல் சூதுபவள மணிகள் கிடைத்தன. பிறகு படியூர். மதியம் கரூர் போய், புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர மன்னர் மூன்று தலைமுறையின் பெயர் வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்த எழுத்தின் வடிவம் கண்ணில் பதிந்த பிறகு எகிப்துச் சுவரில் அதையே பார்த்தால் யாரும் சொல்லாமலே அடையாளம் தெரியும்.

கொடுமணலுக்குப் போனால் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையும் கண்ணில் படும். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டியது, சாயக் கழிவு வந்து தேங்கி நிலம் கெட்டு, தண்ணீர் விட வேண்டாம் என்று விவசாயிகளே தடுத்த அணை. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன வழக்கின் மூலமே இந்த நொய்யல் ஆறுதான். அஸ்வானில் மேல்தளத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா என்னிடம், “ஏங்கண்ணு, இத்தன கப்பலு ஓடுது, இத்தன ஊரு இருக்குது, தண்ணி எப்படி இப்பிடித் தெளிவா இருக்குது?” என்று கேட்டார். அவர் ஊர் நொய்யல் கரை. அணையை மறைத்து வேறு பாதையில் வேனை விட வேண்டாம். நிறுத்திக் காட்டுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் துணித் தொழிலில் இருப்பவர்கள், அவர்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

எகிப்துக்காரர்கள் தங்கள் கோயில்களை எப்படிக் காத்தார்கள் என்று அங்கே விரிவாகச் சொல்கிறார்கள். அஸ்வான் உயர் அணையில் முங்கிப்போக இருந்த அபு சிம்பெல்லை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் ஏற்றி வைத்தார்கள். உலகம் முழுக்கப் பணம் கொடுத்தது. ஃபிலே கோயிலையும் அப்படித்தான் வேறு தீவுக்கு மாற்றினார்கள். நம் ஆட்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வசதி இருக்கிறது, செல்வாக்கு இருக்கிறது. கொடுமணலை ஒரு தடவை பார்த்துவிட்டால் அங்கே காட்சிக்கூடம் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் போய்க் கேட்கக் கூடியவர்கள். அவர்களை அந்த மண்ணில் கொண்டுவந்து நிறுத்த உங்களால்தான் முடியும், ஏனென்றால் பட்டியல் உங்களிடம் இருக்கிறது.

வகுப்பு எடுக்க, வேனில் கூட வந்து காட்ட, கையேட்டைச் சரிபார்க்க என்னைப் போன்ற ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இந்தப் பக்கம் பலர் இருக்கிறோம். காசு வேண்டாமுங்க. வரும் பருவத்துக்கான திட்டத்தை அச்சுக்கு அனுப்புமுன் உங்களில் யாராவது ஒருவர் கொடுமணலுக்கு ஒரு நடை வந்து பாருங்கள். விடிகாலையில் வந்தால் நல்லது, பத்து மணிக்கு மேல் அங்கேயும் நிழல் கிடையாது.

அன்புடன்,
காங்கயம் வட்டாரத்து ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்