புது டிசைன் அப்பறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல பழசைக் கூட்டித் தள்ளுவோம்

எங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் ஹெச்ஓடி மேடத்துக்கும் வெப்சைட் கமிட்டியில இருக்கற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் உங்ககிட்ட எம்எஸ்சி படிச்சவ. இப்ப திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வெப்சைட்டுக்கு எழுதறதும் அதைப் பாத்துக்கறதும்தான் வேலை. நம்ம டிபார்ட்மென்ட் சைட்டை மறுபடி புதுசா டிசைன் பண்ணப்போறோம், ஐடியா இருந்தா சொல்லுங்கனு அலுமினி குரூப்புல கேட்டிருந்தீங்க. அங்க எழுதுனா குட்மார்னிங் படத்துக்கு நடுவுல காணாம போயிரும்னுதான் எல்லாரும் படிக்கற மாதிரி இங்க எழுதறனுங்க. காலேஜ் பேரெல்லாம் சொல்லல, பயப்படாதீங்க.

போன மே மாசம் கோபியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு, பிஎஸ்சி முடிச்சது, எம்எஸ்சிக்கு நம்ம டிபார்ட்மென்ட் சைட்டை போன்ல தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. மொதல்ல பெரிய போட்டோ ஒண்ணு, அது நகர்ந்து இன்னொண்ணு, அப்பறம் தொலைநோக்கு, இலக்குனு ரெண்டு ஸ்க்ரீன் நெறய. அட்மிஷனைத் தொட்டா ஸ்கேன் பண்ணுன பிடிஎஃப், கோணலா, மேல சீலு வேற. பாவம் ரெண்டு வெரலாலயும் பெருசு பண்ணிப் பண்ணிப் படிச்சு, கடைசிப் பக்கம் போனாத்தான் தெரியுது அது 2019-ல போட்டது. அதுக்குப் பக்கத்துல ‘நியூ’னு செவப்புல ஒண்ணு மினுக்கிட்டே இருக்குதுங்க, இன்னும்.

சரி போன் பண்ணிக் கேளு கண்ணுனு அவங்கப்பா சொன்னாரு. போட்டிருந்த நம்பருக்கு அடிச்சா எடுத்தது நம்ம பழைய சார் ஒருத்தரு. “நான் ரிட்டயர் ஆகி மூணு வருசமாச்சு சாமி, வாரத்துக்கு நாலஞ்சு பேரு இப்பிடித்தான் கூப்பிடறாங்க, மத்தியானம் படுத்தா கண்ணசர முடியல”னு சிரிச்சுட்டே சொல்லி, ஆபீஸ் நம்பரைத் தேடிக் குடுத்தாரு. அவருக்குப் பெரிய மனசு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி டிசைன் மாத்துனப்ப இந்த பிடிஎஃப், இந்த நம்பர், ‘நியூ’ எல்லாமே அப்பிடியே புது கலருக்கு ஏறி வந்துருச்சு. வெள்ளையடிச்சாச்சு, ஆனா பரண் மேல கெடந்த ஓட்டை ஒடசலை யாரும் எறக்கல. இப்பவும் அதையே பண்ணுனா காசுதான் போகும்.

நான் சொல்றது இதுதானுங்க. ஒரு எக்செல் ஷீட் தொறந்து சைட்ல இருக்கற ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு பிடிஎஃபையும் எழுதுங்க, யாருக்காக இருக்குது, கடைசியா எப்ப திருத்துனது, இனி யார் பொறுப்பு, வெச்சுக்கலாமா திருத்தலாமா தூக்கலாமானு பக்கத்துலயே போடுங்க. போர் அடிக்கற வேலை, இல்லைங்கல. எங்க கம்பெனியில இதைப் பண்ணுனப்ப நின்னு போன ஸ்டைலுக்கெல்லாம் பக்கம் கெடந்துச்சு, பையர் அதைப் பாத்து ஆர்டர் கேட்ட கதையெல்லாம் உண்டு.

தூக்கறதுல மட்டும் ஒரு எச்சரிக்கை. காலேஜுக்கெல்லாம் தரம் பாத்து கிரேடு போடற நாக் (NAAC) அமைப்புக்கு அனுப்புன ரிப்போர்ட்ல ஆதாரம்னு குடுத்த லிங்க் எல்லாம் இந்த சைட்டுக்குத்தான் வரும், சரிபாக்கறவங்க தொட்டுப் பாக்கறப்ப தொறக்கலைன்னா நமக்குத்தான் அடி. அதனால அதையெல்லாம் அழிக்காம தனியா ஒரு ரூம்ல வெச்சுருங்க, மொகவரி மாறுனா பழசைத் தொட்டாலும் புதுசுக்குப் போற மாதிரி ரீடைரக்ட் போடுங்க. நாக் பாக்கறது சில வருசத்துக்கு ஒருக்கா, பசங்க வர்றது வருசா வருசம் மே, ஜூன்ல. வாசல் பசங்களுக்கு இருக்கட்டுமுங்க.

வாசல்னு சொன்னா பசங்க மட்டும் இல்ல. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடுனது ஞாபகம் இருக்கும். சொட்டுக் கழிவுத் தண்ணிகூட வெளிய விடக்கூடாதுனு ஆனதுக்கப்பறம் ஆர்ஓ வடிகட்டற மெஷின்ல ஒதுங்கற உப்புத் தண்ணியைக் காய்ச்சி, மிஞ்சற கலப்பு உப்பை என்ன பண்றதுனு பட்டறைக்காரங்க இன்னும் மண்டையைப் பிச்சுக்கறாங்க. நம்ம லேப்லயே அந்த உப்பை வெச்சுப் பிஎச்டி பண்ணாங்க, நான் படிக்கறப்பவே பக்கத்து டேபிள்ல கண்ணுல பாத்திருக்கேன். சைட்ல அது எங்க இருக்குது? பப்ளிகேஷன்ஸ்னு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பட்டியல், அதுக்குள்ள ஏதோ ஒரு வரி. நொய்யலோரம் கெணத்துத் தண்ணி உப்பா மாறுன விவசாயியோ பெருந்துறை சிப்காட்ல பட்டறை வெச்சிருக்கறவரோ அதை எப்பிடிங்க கண்டுபிடிப்பாங்க? தமிழ்ல ஒரு பக்கம், என்ன கண்டுபிடிச்சோம், தண்ணி டெஸ்ட் பண்ண என்ன மெஷின் இருக்குது, சாம்பிளுக்கு எவ்வளவு, எந்தக் கேன்ல எவ்வளவு கொண்டாரோணும், அவ்வளவுதான். டிபார்ட்மென்டுக்கு நாலு காசும் வருமுங்க. எழுதறப்ப யூனிகோட்ல எழுதுங்க, பாமினிங்கற பழைய ஃபான்ட்ல அடிச்சு ஸ்கேன் பண்ணிப் போட்டா கூகுள்ல தேடறவனுக்கு அது இல்லாத மாதிரிதான்.

யார் எழுதறதுங்கறதுதான் பெரிய அக்கப்போர்னு தெரியும். அரசு வெப்சைட்டுகளுக்குனு 2009-லயே வழிகாட்டி வந்துச்சு, 2023-ல அதோட மூணாவது பதிப்பும் வந்துச்சு. யார் எழுதறது, யார் சரிபாக்கறது, யார் ஓகே பண்றது, எப்ப மறுபடி பாக்கறது, எப்ப பழசுனு ஒதுக்கறது, எல்லாத்துக்கும் எழுத்துல ஒரு முடிவு இருக்கோணும்னு அதுல இருக்குது. நாம புதுசா யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆளு, கமிட்டி ஆகாது, கமிட்டின்னா யாரும் இல்லைனு அர்த்தம் (மன்னிச்சுக்கோங்க). ரிட்டயர் ஆறவங்க நோ ட்யூஸ் வாங்கறப்ப அவங்க பக்கமும் நம்பரும் யாருக்கு மாறுச்சுனு அதே ஃபார்ம்ல ஒரு கட்டம் சேத்துருங்க. ஏப்ரல் கடைசியில அட்மிஷன் பக்கத்தை ஒரு தடவை உக்காந்து, போன்லயே, டேட்டா போட்டுத் தொறந்து பாருங்க, காலேஜ் வைஃபையில பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்.

அடுத்த ரெண்டு சனிக்கெழமை எனக்கு லீவுங்க. ஒரு சிஸ்டமும் ஆபீஸ்ல வெவரம் தெரிஞ்ச அண்ணா ஒருத்தரும் இருந்தா அந்த எக்செல்லை நானே வந்து ஆரம்பிச்சுத் தர்றேன், காசெல்லாம் வேண்டாம், கேன்டீன் பஜ்ஜி போதும். புது டிசைனுக்கு டெண்டர் விடறதை மட்டும் அது வரைக்கும் நிறுத்தி வைங்க. இன்னிக்கே பண்றதுனா அந்த சாரோட நம்பரை மட்டும் எடுத்து விட்டுருங்க, மனுசன் மத்தியானம் செத்த நேரம் தூங்கட்டும்.

இப்படிக்கு,
உங்க பழைய ஸ்டூடண்ட், கடைசி பெஞ்ச்