செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரிப் புகைப்படக் கலைஞர்களான நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, வெயிலைக் கொண்டு தாளில் நீலப் படம் பதிக்கும் ‘சயனோடைப்’ முறைக்கு ஜனவரியில் நடத்திய பயிற்சி பற்றி.

1842-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெல் கண்டறிந்த முறை இது. கேமராவே வேண்டாம். 100 மில்லி தண்ணீருக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் ஒரு பாட்டிலில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் இன்னொன்றில். பூசும் நேரத்தில் சரிபாதி கலக்க வேண்டும். இரண்டாவதன் பெயரைக் கேட்டுச் சிலர் தயங்கினார்கள். வீரியமான அமிலத்தோடு சேர்க்காமல், நெருப்பில் காட்டாமல் இருந்தால் பயமில்லை. ஆனாலும் கையுறை போட்டே வேலை செய்தோம். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கவில்லை.

ஜன்னல் அடைத்த அறையில் பூசிக் காயவைத்த தாளின் மேல் முருங்கை இணுக்கு, ஆவாரம்பூ, கேழ்வரகுக் கதிர் என அவரவர் கொண்டுவந்ததை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் காட்டினோம். வெயில் பட்ட இடத்தில் நீலம் உருவாகித் தாளிலேயே தங்கிவிடும்; நிழல் விழுந்த இடத்து மருந்து அலசும்போது போய்விடும். மாவிலை வெறும் வெள்ளை உருவமாக விழுந்தது. முருங்கை இலை மெல்லிசு என்பதால் வெளிச்சம் ஊடுருவி, இலைக்குள்ளேயே இளநீலம் படர்ந்திருந்தது. அந்தத் தாளை எல்லோரும் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

போர் தண்ணீரில் அலசிய தாள்கள் வெளுத்தன. நம் பக்கத்து நிலத்தடி நீரில் காரத்தன்மை அதிகம். இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. அப்புறம் முதல் அலசலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டதும் நிறம் நின்றது. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

டார்க் ரூமில் ட்ரே ஆட்டிப் பழகிய மூத்தவர்களின் கைப்பக்குவம் அன்று நன்றாக உதவியது. டிஜிட்டலிலேயே தொழிலுக்கு வந்த தம்பிகள் அவர்களை விட்டு நகரவே இல்லை. வேறெந்தக் கூட்டத்திலும் இரு தரப்பும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

1843-ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதே முறையில் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். நம் மாவட்டச் செடிகளுக்கு அப்படி ஒரு தொகுப்பை நாம் செய்யலாம். தாளுக்கும் மருந்துக்கும் வரும் ஆண்டு நிதியில் ஒரு தொகை ஒதுக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்